இழுத்து ஓடிய பம்ப்

சாவியைக் கேட்டு குடிநீர்ச் சங்கத் தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார் வந்தபோது நான் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கல்முனைக்குடியில் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. சங்கத்தின் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைத்தான் நூற்றிருபது வீடுகள் குடிக்கின்றன. நாலு வருடமாக அதை ஓட்டுவது நான். இப்போது உப்பை வடிக்கும் சவ்வு அடைத்துவிட்டதாம். ஹாஜறா, அதாவது நான், கவனிக்கவில்லையாம். புதிய சவ்வு வரும்வரை நிலையத்தைப் பூட்டுவார்களாம், பிறகு வேறு ஆளாம். ஹாஜியார் இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேன் நிரம்பும் நேரத்தை எழுதிவரும் கொப்பியை விரித்துக் காட்டினேன். போன வருடம் கரண்ட் ஏறி இறங்கி, பம்ப் இழுத்து இழுத்து ஓடும். நானே அதை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். ஆனால் கேன் மூன்று நிமிடத்தில் நிரம்பியது. கம்பனி ஆள் ஸஜாத் வந்து கரண்டைச் சீராக்கும் கருவியைப் பொருத்தினார். பம்ப் ஒரே சீராக ஓடியது, ஆனால் இரண்டு மாதத்தில் கேன் நிரம்ப ஐந்து நிமிடமாகிவிட்டது. நான் இதைச் சொன்னதும், பழுதான பம்புதான் நல்ல பம்பா என்று அன்றைக்குச் சிரித்த அவர், இன்றும் ஹாஜியாருக்குப் பின்னால் அதே சிரிப்போடு நின்றார்.

“சாவியத் தாறன் ஹாஜியார். அதுக்கு முதல் ஒரு மணித்தியாலம் ரெண்டு பேரும் இஞ்ச நில்லுங்க.”

பம்பைப் போட்டு, கழிவுத் தண்ணீர் வால்வைப் பிடித்தேன். மூன்று எண்ணும்வரை முழுதாகத் திறந்தேன், மூன்று எண்ணும்வரை பழைய அளவுக்கு மூடினேன். குழாய் துள்ளியது. அரிசி களையும்போது கையை விட்டு அலசாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டால் தவிடு போகுமா? சீராக ஓடும் தண்ணீரில் அழுக்கு சவ்வின் மேல் சுகமாகக் குந்திவிடுகிறது. விட்டு விட்டு வரும் தண்ணீர் அதைக் குந்த விடாது.

“வால்வத் தொடாதீங்க ராத்தா. புத்தகத்தில இப்பிடி இல்ல,” என்றார் ஸஜாத்.

“புத்தகம் எழுதின ஆளுக்கு எங்கட கிணறு தெரியா தம்பி.”

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. அரை மணித்தியாலம் போனதும் கழிவுக் குழாயில் மங்கலான தண்ணீர் வந்தது. அது தெளியும்வரை விடவில்லை. பிறகு வால்வைப் பழைய அளவிலேயே வைத்து, கேன் நிரம்பும் நேரத்தை அளந்தேன். நாலு நிமிடம். இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. திரும்பவும் வால்வைப் பிடித்தேன்.

“எவ்வளவு நேரத்துக்குப் புள்ள இப்பிடிப் புடிச்சிட்டு நிக்கப் போற?” என்றார் ஹாஜியார்.

“நீங்க சாவி கேக்கிறத விடுமட்டும்.”

சாவி என் இடது கைக்குள் வியர்த்துக் கிடந்தது. ஸஜாத் குனிந்து, நிரம்பிய கேனை நகர்த்திவிட்டு வெறும் கேனை வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி நிரம்பிய கேனின் மூடிமேல் வைத்துக்கொண்டு, தண்ணீர் துள்ளித் துள்ளி விழுவதைப் பார்த்தபடி அங்கேயே குந்தினார்.