பன்னிரண்டாம் எண் வீட்டு நாய்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மளிகை வரும். அந்த வீட்டில் அது அவளுடைய நேரம். கணவர் எட்டு மணிக்கே வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருப்பார். ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்பது அவர் வேலை. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே ஒரு தாள், அதில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். அதனால் கணவருக்கு அவள் 'புலவர்'.

முடக்குவாதம் அவளுக்கு இருபத்தொன்பது வயதில் வந்தது. பத்து வருடத்தில் முட்டி இரண்டும் போய், மோட்டார் வைத்த நாற்காலி வந்துவிட்டது. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதையும் இறுக்கிப் பிடிக்காது. குனியவும் முடியாது. ஆனால் முன்கையில் பலம் இருந்தது. மளிகை கொண்டுவரும் வண்டியக்கா பையின் காதை விரித்துப் பிடிப்பாள். இவள் கையை நுழைத்து முழங்கை வரை ஏற்றிக்கொள்வாள். சமையலறைச் சுவரில் அவள் கை எட்டும் உயரத்தில் ஆறு கொக்கிகள் இருந்தன. கணவர் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து, கட்டை விரலில் இரண்டு அடி வாங்கி அடித்தவை. பையைக் கொக்கியில் மாட்டிக் கையை உருவிக்கொண்டால் தீர்ந்தது. பாலையும் மீனையும் மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பாள். மற்றதைச் சாயங்காலம் கணவர் அடுக்குவார். முதல் கொக்கியில் காய்கறி, கடைசிக் கொக்கியில் சோப்பு என்று கணக்கு இருந்ததால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு புதன்கிழமை பை வரவில்லை.

முந்தின நாளே கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. பூமியைக் காக்கப் போகிறார்களாம், இனிமேல் பொருட்கள் பையில்லாமல் வருமாம். அதில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. மற்றபடி அவளுக்கு அதில் சண்டை இல்லை. தெருமுனைச் சாக்கடையில் அடைத்துக் கிடக்கும் பைகளை அவளும்தான் பார்க்கிறாள்.

வண்டியக்கா இரண்டு பச்சை நிறப் பிளாஸ்டிக் பெட்டிகளைச் சாய்தளத்தில் ஏற்றி வாசலில் வைத்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி. அன்று முகம் சரியாக இல்லை.

"பெட்டிய நான் திருப்பி எடுத்துட்டுப் போகணும்மா. நீங்களே ஒன்னொன்னா எடுத்துக்கணுமாம். வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு பழைய சட்டம் வேற இருக்கு. வீட்டுக்கு நாலு நிமிஷம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். தரையோடு தரையாக இருந்தது. நிலாவில் வைத்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

"மடியில வைங்கக்கா, பாப்போம்."

அரிசிப் பொட்டலம் உட்கார்ந்தது. எண்ணெய்ப் புட்டி அதன்மேல் சாய்ந்தது. தக்காளியை வைத்ததும் எலுமிச்சைக்கு இடமில்லாமல் போயிற்று. நாற்காலியை அவள் திருப்பியதும் எலுமிச்சை ஒவ்வொன்றாக இறங்கிச் சாய்தளம் வழியே தெருவுக்கு நடையைக் கட்டின. வண்டியக்கா பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்தபோது இருவருக்கும் சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வண்டியக்கா சட்டத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். பெட்டியோடு சமையலறைக்குள் போனாள்.

வெளியே வந்தபோது அவள் இடுப்பிலிருந்த கருவி கீச் கீச்சென்று கத்தியது. தாமதத்துக்குக் காரணம் கேட்டது. அவள் எதையோ அமுக்கினாள்.

"என்னக்கா போட்டீங்க?"

"நாய்."

"எங்க வீட்ல நாய் இல்லையே."

"வேற என்னம்மா போடுறது? ஆள் இல்ல, விலாசம் தப்பு, ரோட்டுல நெரிசல், நாய். நாலுதான் இருக்கு. ஆள் நீங்க இருக்கீங்க, விலாசம் சரி, ரோடு காலி. மிச்சம் நாய்தான்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் இதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். மறுநாள் தன் மதிய இடைவேளையில் கம்பெனிக்குத் தொலைபேசி போட்டார். ஒரு பெண் குரல் வந்தது. அவர் கருத்தைக் கம்பெனி மிகவும் மதிப்பதாகச் சொன்னது.

"அம்மா, நானும் தினமும் இருநூறு பேருக்கு இதையேதான் சொல்றேன்" என்றார் அவர். "அதை விடுங்க. உங்க கம்ப்யூட்டர்ல, இந்த வீட்டுக்குப் பை வேணும்னு குறிக்க ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"யார்கிட்ட சொன்னா கட்டம் வரும்?"

அந்தப் பெண் யோசித்தாள். "எனக்கே தெரியல சார்" என்றாள். அதை மட்டும் அவள் எழுதி வைத்ததைப் படிக்காமல் சொன்னாள் என்று அவருக்குத் தோன்றியது. கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்த வாரம் வீட்டிலிருந்த துணிப்பைகளை அவள் தயாராக வைத்திருந்தாள். வண்டியக்கா குனிந்து ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தாள். வேலை நடந்தது. ஆனால் நாலு நிமிடம் பதினைந்தாயிற்று. மறுபடி நாய். அதற்கடுத்த வாரமும் நாய்.

ஐந்தாவது வாரம் வண்டியக்காவுக்குக் காய்ச்சல். வேறொருவர் வந்தார். அவள் கதவைத் திறந்து நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்துக்கொண்டு, காலிப் பெட்டியோடு போய்விட்டார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் சமையலறையிலிருந்து நீளமான இடுக்கியைக் கொண்டுவந்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பால் பொட்டலத்தைத் தூக்கப் பார்த்தாள். பாதி உயரம் வந்தது. அப்புறம் பொத்தென்று விழுந்து உடைந்தது. மீன் பொட்டலத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கதவை மூடவும் முடியவில்லை. மருந்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி வரை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், சாமான்களுக்குக் காவல். மீனுக்குப் பூனை ஒன்று வந்தது. அதை விரட்டியதுதான் அன்றைக்கு அவள் செய்து முடித்த வேலை.

கணவரின் கோல் சத்தம் கேட்டதும், "என்னங்க, அங்கயே நில்லுங்க" என்றாள். அவர் நிற்பதற்குள் முட்டை அட்டையில் காலை வைத்துவிட்டார்.

அவர் அசையவில்லை. காலடியில் கேட்டதை ஒரு கணம் யோசித்தார்.

"முட்டையா?"

"ஆமா."

"எத்தன?"

"ஒன்னுதான் பாக்கி."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. அவர் தடவிக்கொண்டே வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"புதன்கிழமை காலையில நான் லீவு போடுறேன் புலவரே. கேட்டா குடுப்பாங்க."

"வேணாம்."

"ஏன்?"

"நீங்க இருந்தா வேலை நடக்கும். என் வேலை போயிடும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த வீட்ல நான் ஒருத்தியா முடிக்கிறது இது ஒன்னுதாங்க. பேனாவப் பிடிக்கக்கூட கட்டை கட்டிக்கிறேன். மளிகைய மட்டும் நானே வாங்கி நானே மாட்டினேன்."

அவர் முட்டையைத் துடைக்க வாளி எடுத்துவந்தார். எங்கெங்கே சிந்தியிருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் துடைத்தார்.

ஏழாவது புதன்கிழமை பத்தரை மணிக்கே யாரோ வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்கள். அவள் கதவைத் திறந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கணக்காக வகிடெடுத்த ஒரு மனிதர். இரண்டு கையிலும் முழங்கை வரை தடித்த தோல் கையுறை.

"மேடம், நாயைக் கட்டிட்டீங்களா?"

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த நொடியில் பயம் வந்தது. உண்மையைச் சொன்னால் வண்டியக்காவின் வேலைக்கு வேட்டு. சொல்லாவிட்டால் இல்லாத நாயை எங்கே போய்ப் பிடிப்பது?

"உள்ள வாங்க சார். கடிக்காது."

அவர் உள்ளே வந்து நாற்காலிக்குப் பின்னால், மேசைக்கு அடியில் எல்லாம் எட்டிப் பார்த்தார். தான் வட்டார மேற்பார்வையாளர் என்றும், ஆறு வாரத்தில் ஐந்து முறை நாய் மறித்த விலாசம் இது மட்டும் இல்லை, ஆனால் தான் பார்க்க வந்ததில் இதுதான் முதல் என்றும் சொன்னார்.

"சார், நாய் இல்ல" என்றாள் அவள். "அவங்க பொய் சொல்லணும்னு சொல்லல. உங்க மிஷின்ல உள்ள நாலு காரணத்துல எங்க கதைக்கு இடம் இல்ல. வண்டி இப்ப வந்துடும். அதுவரைக்கும் அந்த நாற்காலிய வாசல்கிட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க. கையுறையக் கழட்டாதீங்க."

"எதுக்கு மேடம்?"

"என் விரலுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இன்னைக்கு மளிகைய நீங்க வாங்குங்க. எந்திரிக்கக் கூடாது, குனியக் கூடாது."

அவர் மறுத்திருக்கலாம். ஏனோ உட்கார்ந்தார்.

பச்சைப் பெட்டியோடு சாய்தளம் ஏறிவந்த வண்டியக்கா, வாசலில் மேலதிகாரி கையுறையோடு கொலுவிருப்பதைப் பார்த்துப் பாதியிலேயே நின்றாள். பெட்டியை வைக்கச் சொல்லி அவரே கை காட்டினார். சோப்பை எடுக்கப் போனார்; தோல் விரல்களில் அது வழுக்கியது. மூன்றாவது முறை எம்பியபோது நாற்காலியே முன்னால் சாய்ந்தது. மாவுப் பொட்டலத்தை எப்படியோ நெஞ்சு வரை அணைத்துத் தூக்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிய ஆம்பிளை மாதிரி. இடுப்புக் கருவி கீச்சிட்டது.

"நாலு நிமிஷம் ஆயிடுச்சு சார்" என்றாள் வண்டியக்கா மெதுவாக. "நான்தான் நாய்னு போட்டேன். தப்புத்தான்."

அவர் மாவை மடியில் இறக்கினார். கையுறையைக் கழற்றினார்.

"உங்க ரூட்ல இந்த மாதிரி இன்னும் எத்தன வீட்ல நாய் இருக்கு?"

வண்டியக்கா விரல்விட்டு எண்ணினாள். "ஒன்பது சார். அதுல ரெண்டு நிஜ நாய்."

அவர் சிரிக்கவில்லை. மற்ற ஏழு பேரும் யாரென்று கேட்டார். டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கும் வாத்தியார், ஒரு கைத் தையல்காரர், ஊன்றுகோல் ஊன்றும் இரட்டைச் சகோதரிகள் என்று வண்டியக்கா சொல்லிக்கொண்டே போனாள். அவர் குறித்துக்கொண்டார். பிறகு சாமான்களைத் துணிப்பைகளில் அவரே நிரப்பிக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டு போய்க் கொக்கியில் மாட்டுவதை வாசலில் நின்றபடி கடைசி வரை பார்த்தார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வண்டியக்காவின் வேலைக்கு மட்டும் ஆபத்து வரவில்லை. நாலாவது வாரம் செய்தி வந்தது: பை தேவைப்படுவோர் கட்டத்தில் குறியிடலாம், அவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அவள் குறியிட்டாள். காகிதப் பை வந்தது. குளிர்ந்த பால் ஈரத்தில் அதன் அடி பிய்ந்து, காது மட்டும் அவள் கையில் வளையல்போல் நின்றது. அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர்கள் செய்தியிலிருந்த இரண்டு பிழைகளையும் திருத்திக் கூடவே அனுப்பினாள். இன்னும் இரண்டு வாரம் கழித்து, பெட்டியோடு போய்த் திரும்பி வரும் தடித்த துணிப்பை வந்தது. காது அகலமாக, முன்கைக்குத் தாராளமாக இருந்தது. பிழை திருத்தியதற்கு நன்றி என்று ஒரு வரியும் வந்தது. அதில் பிழை இல்லை.

அன்று மதிய இடைவேளையில் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா புலவரே?"

"பதினோரு நிமிஷம். ஆறு கொக்கியும் நிறைஞ்சாச்சு."

"சரி, ராத்திரிக்கு என்ன சமைக்கப் போற?"

"நீங்க வந்து சமைங்க" என்றாள் அவள். "என் வேலை முடிஞ்சுது."