அசையாத சரக்கு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால் அலமாரியைப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள். அது இல்லை என்று சொல்லிவிட்டால், கையில் கொண்டுபோய்த் திணித்தாலும் இல்லைதான். ஸ்டோர்க்காரர் இதை ஆஸ்பத்திரியில், மச்சினனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

“போதும் மாமா, மூச்சு வாங்குது.”

“யாருக்குடா? பேசுறது நான்.”

“கேக்குறதுக்கும் மூச்சு வேணும்ல?”

சிரிக்கப் போனவனை இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கில் செருகியிருந்த குழாய் ஆடியது. இருமி முடிக்கும்வரை ஸ்டோர்க்காரர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

வெளியே வராந்தாவில் அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, கம்பெனி செலவை ஏத்துக்கலன்னா நாளன்னிக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்களாம். மெஷின் இல்லாம என் தம்பி ஒரு வாரம் தாங்க மாட்டான்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்றாரு. நீங்க போய்ப் பேசுங்க.”

“பேசுறேன்.”

“கத்தாம பேசுங்க.”

பேருந்துகளுக்குப் பாடி கட்டும் கம்பெனி அது; ஸ்டோர்க்காரர் அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பு. மச்சினன் பெயின்ட் ஷெட்டில் ஸ்ப்ரே அடிப்பவன். அந்த பெயின்ட் புகை மாதிரி மிதக்கும். முகமூடியின் இரண்டு பக்கமும் ஃபில்டர் திருகிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரு ஜோடி ஃபில்டர் நாலு நாள் தாங்கினால் பெரிய காரியம். ஆபீசோ, ஆளுக்கு மாதம் இரண்டு ஜோடி என்று விதி போட்டிருந்தது. மூன்றாவது கேட்டால் ஏன், எதற்கு, போனதை என்ன செய்தாய் என்று நாலு பேர் விசாரிப்பார்கள்.

போன வருஷத் தொடக்கத்தில் ஐந்து பெட்டி கேட்ட இடத்தில் டீலர் இருபது பெட்டி இறக்கிவிட்டுப் போனான். ஸ்டோர்க்காரர் ஐந்தை மட்டும் பதிந்தார். பதினைந்தைப் பழைய பீரோவில் வைத்துப் பூட்டினார். அதிலிருந்துதான் பெயின்ட் ஷெட்டின் மூன்று பேருக்கும் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தார். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. எதையும் லேசில் விடாததால் ‘கோந்து’ என்று அவருக்குப் பட்டப்பெயர். ஃபில்டர் விஷயத்தில் மட்டும் கோந்து ஒட்டவில்லை என்று பெயின்டர்கள் கேலி செய்வார்கள்.

பிறகு சரக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரியாக வந்தாள். வருஷத்துக்கு எத்தனை செலவாகிறது, ஒன்று என்ன விலை, இரண்டையும் பெருக்கு என்றாள். தகடும் கண்ணாடியும் மேலே வந்தன; அவை ஏ, வாரா வாரம் எண்ண வேண்டும். நடுவில் வந்தது பி. போல்ட், வாஷர், சாண்ட்பேப்பர் எல்லாம் சி. ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டுவிடலாம். ஒரு வருஷமாக அசையாத சரக்கைத் திருப்பி அனுப்பி, பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பதிவிலிருந்த ஐந்து பெட்டி ஃபில்டரும் அசையவே இல்லை. வண்டியில் அவற்றை ஏற்றிவிட்டவரே ஸ்டோர்க்காரர்தான். பீரோ தன்னிடம் இருக்கிறது என்ற தெம்பில் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

இரண்டு மாதத்தில் பீரோ காலி. பட்டியலில் இல்லாத பொருளென்றால் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். மற்ற இரண்டு பெயின்டர்களும் ஸ்ப்ரே கன்னைத் தொட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மச்சினன் மட்டும் முகமூடிக்குள் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டு போனான். “நாளைக்கு வந்துடும்டா” என்று ஸ்டோர்க்காரர் தினமும் சொன்னார். நாற்பது நாள் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கம்பெனி ஆபீசுக்குப் போனவருக்கு அந்தப் பெண் அதிகாரி எழுந்து நாற்காலி காட்டினாள். அவர் உட்காரவில்லை.

“ஐயா, பதிவுல உங்க மச்சினர் ஒரு வருஷமா ஃபில்டரே வாங்கல. மாஸ்க் போடாம வேலை பார்த்தாரு, தப்பு அவருடையதுன்னு மேல எழுதப் போறாங்க. அப்படி எழுதிட்டா ஒரு பைசா வராது.”

“வாங்கினான். நான்தான் கொடுத்தேன்.”

“சீட்டு?”

“இல்ல. திருட்டுச் சரக்கு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் பீரோவை, பதினைந்து பெட்டியை, நாற்பது நாளை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“இதை நான் எழுதிக்கிட்டா நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, ஐயா.”

“எழுதிக்கம்மா. சீக்கிரம் எழுது.”

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு பெயின்டர்களும் இதே மாதிரி சொன்னால் செலவை ஏற்கவைக்கப் பார்க்கலாம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். அப்புறம் ஏதோ தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நீங்க கொடுத்ததையெல்லாம் சேர்த்துப் போட்டேன். அப்பவும் சி-தான் வருது. ஆனா சி-ன்னா ஆறு மாசச் சரக்கு உள்ள இருந்திருக்கும். எழுதியிருந்தீங்கன்னா தீர்ந்தே போயிருக்காது.”

“எழுதியிருந்தா மாசம் ரெண்டு ஜோடிதான் கொடுத்திருப்பீங்க. மிச்ச நாளைக்கு அவன் எதை மூஞ்சில மாட்டிக்குவான்? உங்க லிஸ்டையா?”

“அந்த விதியை நான் போடல.”

“நீ போடல, அவன் போடல. எவனும் போடல. அதுவா முளைச்சுது.”

அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஃபைலில் வைத்தாள். பிறகு மெதுவாக, “கணக்கு தப்பில்லைங்க ஐயா,” என்றாள்.

“தப்புன்னு நான் சொன்னேனா? நம்பலன்னு சொல்றேன்.”

கதவைச் சாத்தாமலே வெளியே வந்தார். படியிறங்கும்போது முட்டி வலித்தது. பெயின்ட் ஷெட் பக்கம் கண்ணை ஓட்டாமல் கேட்டைத் தாண்டினார். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் ஆறு மணியோடு முடிந்துவிடும். ரெண்டு ஜோடியாம், ஆறு மாசமாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.