பார்ட்ஸ் வண்டி

கைப்பேசி அடித்தபோது எழிலன் சைலன்சரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வண்டி முதல்முறையாகக் கிளம்பிய நாளிலிருந்து அவன் கை அதைச் சும்மா விடவில்லை, அவ்வளவுதான். திரையில் 'பூவம் அம்மா' என்று வந்ததும், கை எல்லாம் எண்ணெயாக இருக்கிறதே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்க விட்டான். மறுபடி அடித்தது. மனைவி மதிவதனி ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்து, போனை எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"தம்பி, ஷரீபுன்னிசா பேசுறேன். நல்லாருக்கீங்களா? வண்டி ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சும்மா" என்றான்.

வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஒரு வருஷத்துக்கும் மேலாக யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அவன் நாக்கில் வைத்திருந்த சொல் அது. கேட்டவர் யார் என்று நாக்கு பார்க்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! எனக்குத் தெரியும் தம்பி, நீங்க சொன்னா செய்வீங்கன்னு. எங்க வீட்டுக்காரங்களுக்கு இப்ப பேச்சே வர்றதில்ல. வண்டி, வண்டின்னு மட்டும் வாயை அசைக்கிறாங்க. ரிப்பேருக்குப் போயிருக்கு, வந்துடும்னு சொல்லிச் சொல்லியே வெச்சிருக்கேன். இன்னைக்கு அசர் தொழுகைக்கப்புறம் கொண்டாந்து காட்டிட்டுப் போங்களேன். சத்தத்த ஒரு தடவ காதால கேட்டுட்டாங்கன்னா மனசு அடங்கிடும்."

வருகிறேன் என்றான். வேறு என்ன சொல்வது?

போனைப் பிடித்திருந்த மதிவதனிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள். சிவப்பு டேங்க், புது க்ரோம், இரண்டு பக்கமும் நீண்ட சைலன்சர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கல்யாண மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தது அந்தப் பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள்.

"எந்த வண்டியக் கொண்டுபோகப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து மறுபடி சைலன்சரைத் துடைத்தான். அவள் பதிலுக்காகக் கேட்டவள் இல்லை.

எழிலன் காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன். வாரம் முழுக்கக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரிச்சிக்குடி வீட்டுக் கொட்டகையில் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவான். இந்தச் சிவப்பு வண்டியை அவன் வாங்கியபோது அதற்கு உடம்பு இருந்தது, உயிர் இல்லை. எஞ்சின் கேஸில் குறுக்காக ஒரு விரிசல். ஒட்டினான், மறுபடி விட்டது. பழைய வண்டியைக் கட்டுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அதே மாடலில் இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்து, அதை உரித்து இதற்குப் போடுவார்கள். உரிபடுகிற வண்டிக்குப் பெயர் பார்ட்ஸ் வண்டி. வாட்ஸப் குழுவில் தினமும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. ஒன்று பிழைக்க ஒன்று போகவேண்டியதுதான் என்பார்கள்.

அப்படித் தேடித்தான் பூவத்துக்குப் போனான். சேக் அலாவுதீன் காரைக்காலில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தன்னுடைய கறுப்பு எஸ்டியில்தான் கடைக்குப் போனார், சரக்கு ஏற்றினார், வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி ஷரீபுன்னிசாவைப் பின்னால் உட்காரவைத்து நாகூர் போனார். மெக்கானிக்கைக் கூடத் தொட விடமாட்டாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, வண்டி கொல்லையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் நின்று உப்புக்காற்றில் அரிபட்டது. மகன் சவூதியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பிரிச்சு எடுத்துக்கறேன்னு நெறய பேரு வந்தாங்க தம்பி" என்றார் ஷரீபுன்னிசா அன்றைக்கு. "நான் குடுக்கல. அவங்க உசுரோட இருக்கயில அத வெட்டிக் கூறுபோட மனசு வரல. நீங்க ஓட வெப்பீங்களா? ஓட வெச்சு நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்கு ஒண்ணும் வேணாம். ஒருநா கொண்டாந்து அவங்க கண்ணுல காட்டிட்டுப் போங்க."

"சத்தியமா ஓட வெச்சுக் காட்டறேன்மா" என்றான் எழிலன். அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. அவன் கண்ணே கலங்கியிருந்தது. வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த அலாவுதீன், மினிலாரியில் வண்டி ஏறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எடுத்தது கார்புரேட்டரை மட்டும்தான். தன் வண்டியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டிவிடலாம் என்றுதான் எடுத்தான். அடுத்து க்ளட்ச் தட்டு. அதற்கும் அதே நினைப்பு. பிறகு ஒரு மழைநாளில் எஞ்சினைத் திறந்து பார்த்தான். ஐயோ, அது இருந்த இருப்பு! வெளியே துருப்பிடித்துக் கிடந்த வண்டிக்குள்ளே ஒரு கீறல் இல்லாத கேஸ், பளபளவென்று பல்சக்கரங்கள். அந்த மனிதர் அதை எப்படி வைத்திருந்தார் என்று உள்ளே பார்த்தால்தான் தெரிந்தது. அந்த நிமிஷமே அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த பிறகு காரணங்கள் வருவதற்கு எவ்வளவு நேரம்? ஃப்ரேம் அடியில் அரித்துப்போயிருக்கிறது, இதை நிமிர்த்தவே முடியாது, எஞ்சினாவது உயிரோடு ஓடட்டுமே, அதுவும் ஓட வைப்பதுதானே. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி எஞ்சினை இறக்கி இதில் ஏற்றினான். ஃப்ரேம் அரித்திருந்தது உண்மைதான். அரித்த ஃப்ரேமை ஒட்டிச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

மிச்சத்தை இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனபோது மதிவதனி பக்கத்தில் நின்றாள். அலாவுதீனின் கறுப்பு டேங்க் இரும்புக்காரரின் வண்டியில் விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. பதிலுக்கு இரும்புக்காரர் ஒரு நீலநிற பிளாஸ்டிக் அன்னக்கூடையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில்தான் இன்றைக்கும் துவைத்த துணியை எடுத்துப்போய் உலர்த்துகிறாள்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஆயிடுச்சு உங்க கத" என்றாள் அன்றைக்கே. அப்போது இருவரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது.

இப்போது அவள் சிரிக்கவில்லை. "போறதுன்னா உண்மையச் சொல்லிட்டு வாங்க. இல்ல, போவாதீங்க" என்றாள்.

"வர்றேன்னு சொல்லிட்டேனே."

"அப்ப சொல்லிட்டு வாங்க."

பூவத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் கூட்டம் இருந்தது. தமிழ்நாட்டை விட இங்கே விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து நிற்கிறவர்கள். எழிலன் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் தன் ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்னொருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் ஒரிஜினலாங்க?"

"ஒரிஜினல்தான்" என்றான்.

சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு நெஞ்சு மட்டுமா, கால் கூடக் குறுகுறுத்தது. காலுக்குக் கீழே எஞ்சின் அப்படி ஓடியது. ஒரு திணறல் இல்லை, ஒரு அதிர்வு இல்லை. வேறொருத்தர் பார்த்துப் பார்த்து வளர்த்த பசுவில் பால் கறந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. வழியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தான். டயர் பஞ்சர் என்று போன் செய்யலாம். ஆனால் அலாவுதீன் நாளைக்கும் காத்திருப்பார். அதற்கு மறுநாளும் காத்திருப்பார்.

சத்தம் கேட்டே ஷரீபுன்னிசா வாசலுக்கு வந்துவிட்டார். நாற்காலியையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அலாவுதீனுக்குச் சலவைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கண்ணில் சுர்மா கூட இட்டிருந்தது. பெருநாளைக்குப் புறப்பட்டவர் போல இருந்தார். எழிலன் வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டான்.

"மாஷா அல்லா! கலர மாத்திட்டீங்களா தம்பி? செவப்பும் நல்லாத்தான் இருக்கு. கறுப்புன்னா வெயில்ல சூடேறும்" என்றார் ஷரீபுன்னிசா. பின்பக்கம் போனார். "நம்பரும் புதுசு வந்துடுச்சா? இப்பல்லாம் பழைய வண்டிக்கு அப்படித்தான் மாத்தறாங்களாம்ல. சீட்டும் புதுசு. எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க!"

அவன் சொல்லவேண்டிய பொய்யையெல்லாம் அந்தம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். தலையாட்டுவது பொய் சொல்வதை விடக் கேவலமாக இருந்தது. செத்துவிடலாம் போல இருந்தது.

அலாவுதீன் இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைத் தட்டினார். ஷரீபுன்னிசா நாற்காலியை வண்டியோடு ஒட்டித் தள்ளினார். அலாவுதீனின் கை டேங்கின் மேல் போனது. மேலே தடவியது, பக்கவாட்டில் இறங்கியது, மூடியருகே வந்து நின்று பழகிய ஏதோ ஒரு வடுவைத் தேடியது. அது அங்கே இல்லை. மறுபடி தேடினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழிலனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அடையாளம் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் கூட்டிவந்தால் மரியாதைக்குப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, கேக்கட்டும்" என்றார் ஷரீபுன்னிசா.

எழிலன் வண்டியின் இடப்பக்கம் போய் கியர் லிவரையே கிக்கராக மேலே திருப்பி உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரிலிருந்தும் நீலப்புகை எழுந்தது. அலாவுதீனின் தலை சட்டென்று திரும்பியது. டேங்கைப் பார்க்கவில்லை, கீழே எஞ்சினைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். இடது பாதம் நாற்காலிப் பலகையின் மேல் மெல்ல அழுந்தி நிமிர்ந்தது. கியர் போடுகிற பாதம். ஷரீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

"தெரிஞ்சுடுச்சு தம்பி! பாருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு! இருங்க, டீ போட்டாறேன். குடிக்காமப் போகக் கூடாது" என்று உள்ளே ஓடினார்.

எழிலன் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான். அலாவுதீன் கண்ணைத் திறந்தார். இருவர் மட்டும் இருந்தார்கள். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"பாய்" என்றான். "எஞ்சின் மட்டும்தான் உங்களோடது. இது என் வண்டி. உங்க வண்டிய... நான் பிரிச்சுட்டேன். மிச்சத்த இரும்புக்குப் போட்டுட்டேன். டேங்கையும் போட்டுட்டேன் பாய். அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன். உங்க எஞ்சினப் பார்த்ததும் ஆசப்பட்டுட்டேன்."

அலாவுதீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. என்ன சொல்ல வந்தாரோ, அது வரவில்லை. பிறகு இடது கையை நீட்டினார்.

மன்னித்துவிட்டார் என்று எழிலன் நினைத்தான். அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கையை உருவிக்கொண்டு மறுபடி நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து இருந்தது. கண் வண்டியின் சாவியைப் பார்த்தது.

எழிலன் எழுந்து போய் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். விரல்கள் மூடிக்கொண்டன.

ஷரீபுன்னிசா டீயோடு வந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். தம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டுக் கணவரின் கையைப் பார்த்தார்.

"அட, சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்களா? சின்னப்புள்ள மாதிரி! குடுங்க, தம்பி வரிச்சிக்குடி போவணும்ல" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். சுண்டு விரலைப் பிரித்தார். அடுத்த விரலுக்குப் போவதற்குள் சுண்டு விரல் மடங்கிக்கொண்டது. மறுபடி பிரித்தார். மறுபடி மடங்கியது. "எவ்வளவு வலு பாருங்க, இந்தக் கையில" என்றார்.

"விடுங்கம்மா, அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான் எழிலன்.

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஷரீபுன்னிசா குனிந்தபடியே நின்றார். கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்ககிட்ட என்ன சொன்னீங்க தம்பி?" என்று கேட்டார். அவர் விரல்கள் இன்னும் அந்த முஷ்டியின் மேல்தான் இருந்தன, ஆனால் பிரிப்பதை நிறுத்தியிருந்தன.