தண்ணீருக்கு அழியாத மை

“விடு ரிஃபத்! கைய விடுடீ, தோலு வழண்டு போயிரும்!”

பெரியம்மா ஹமீதா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ரிஃபத் விடவில்லை. எலுமிச்சை மூடியில் சாறெல்லாம் போய் வெறும் தோல்தான் மிச்சம். அதை வைத்தே அம்மாவின் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று. சோப்புப் போட்டுப் பார்த்தாயிற்று. மை அசையவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் பாதி, நகக்கண், உள்ளங்கை ரேகை என்று வலதுகை முழுக்கக் கறுப்பு.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த பலகையில் அம்மா கிடந்தாள். விடியுமுன்னே நின்றபடி டீயைக் குடித்துவிட்டு, “பால்காரன் வந்தா பாத்திரத்த மூடி வைடி” என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்த சாஜிதா பேகம். இப்போது வெள்ளைத் துணிக்கு வெளியே அந்தக் கை மட்டும் நீட்டிக் கிடந்தது.

“அழுத்தாத கண்ணு, மையத்துக்கு வலிக்கும்,” என்றார் ஜுலைகா மாமி. அந்தத் தெருவில் எந்தப் பெண் மௌத்தானாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மையத்து. மதியத்திலிருந்து அம்மாவின் உடலை யார் அந்தச் சொல்லால் சொன்னாலும் ரிஃபத்தின் காதில் ‘மை’ என்ற முதலெழுத்து மட்டும்தான் விழுந்தது.

“எல்லா எடத்துலயும் தண்ணி படணுமில்லீங்களா மாமி? இந்த மைக்குக் கீழ படலைன்னா?”

மாமி இலந்தை இலைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“படலைன்னா குளிப்பு செல்லாதுங்களா? அம்மா அப்படியே போயிருவாங்களா? சொல்லுங்க மாமி!”

“அட, வெறும் மை புள்ள,” என்றாள் பெரியம்மா. “மைக்கெல்லாமா கணக்கு?”

“நகப்பூச்சோட மௌத்தா வந்த அந்தக் கல்யாணப் புள்ளைக்கு, ஒவ்வொரு விரலா நாமதான சுரண்டி எடுத்தோம்? மறந்துட்டயா ஹமீதா?”

மாமி அப்படிக் கேட்டதும் ரிஃபத் எலுமிச்சைத் தோலை மறுபடி எடுத்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை எடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது. வெயில் சேலை மறைப்பின் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த மை அவள் பொறுக்கி எடுத்தது.

அம்மாவுக்கு உழவர் சந்தையில் வேலை. அன்னூர்ப் பக்கமிருந்து காய் கொண்டுவருகிறவர்களுக்கு அன்றைய கடை எண்ணையும் தராசு எண்ணையும் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். பால்பாயிண்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துப்போனதால் மைப்பேனாவுக்கு மாறினாள். மாறியதும் வேறு தொல்லை. கீரைக்கட்டைப் பிடித்த ஈரக்கையோடு சீட்டை வாங்கினால் எழுத்து கரைந்து ஓடியது. ஏழாம் கடை ஒன்றாம் கடையாகி, அடித்துக்கொள்ளாத குறை.

ரிஃபத்துக்குப் பேனா என்றால் பைத்தியம். பத்தாவது படிக்கிற பிள்ளை, புத்தகத்துக்குள் போனை வைத்துப் பேனா வீடியோ பார்த்துத் திட்டு வாங்குவாள். “நான் பாத்துத் தரேன்மா” என்று அவள்தான் அம்மாவை டவுன்ஹால் பேனாக் கடைக்கு இழுத்துப் போனாள். சந்தைச் சீட்டு மட்டமான தாள், மை பரவும் என்று மெல்லிய நிப்பாகப் பார்த்து எடுத்தாள். அம்மா கைப்பையிலிருந்து நாலைந்து வெற்றுச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பி, கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.

“குடிக்கறதுக்குங்களா?”

“இல்லீங்க, எங்க கீரைக்காரம்மா கையாட்டம் நனைச்சுப் பாக்கறதுக்கு.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சாதா நீலம். “இது சாயமுங்க. தாளுக்குள்ள ஊறிக்கும், தண்ணி பட்டா ஓடிப்போயிரும். கையில பட்டாலும் கழுவுனா சரியாயிரும்.” மற்றது கறுப்பு. “இது நைசா அரைச்ச கரிங்க. மேல படிஞ்சு புடிச்சுக்கும். காஞ்சுபோச்சுன்னா தண்ணி ஒண்ணும் செய்யாது. ஆனா தெனமும் எழுதோணும், இல்லைன்னா பேனா அடைச்சுக்கும். கையில கொட்டிக்காதீங்க, அவ்வளவுதான்.”

அம்மா நீலத்தைத்தான் எடுத்தாள். “எனக்கு இதே போதும்டி. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யறப்ப கையெல்லாம் மையோட நிக்கறதா?”

“கலர்தானம்மா. கலர் இருந்தா ஒண்ணும் ஆகாது.”

தெரிந்து சொல்லவில்லை. கறுப்பை வாங்கியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். அம்மா நம்பி, நீலத்தைத் திரும்ப வைத்தாள்.

சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் கீதாவின் குரல் கேட்டது. சந்தையில் அம்மாவோடு வேலை பார்க்கிறவர். வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

“பேனாவுக்கு மை ஊத்திட்டு இருந்தாங்க. ‘கீதா, மார அடைக்குது’ன்னாங்க, அப்படியே மேசை மேல சாஞ்சுபோட்டாங்க. புட்டி கவுந்து கையெல்லாம் மை. நான் மையப் பாப்பனா, ஆளப் பாப்பனா? ஆட்டோவுல போட்டுக்கிட்டு ஓடுனமுங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிப்போட்டாங்க…”

“ஏனுங்க கீதா,” பெரியம்மா சேலைக்கு மேலாகக் கேட்டாள். “அது என்ன மைங்க? எப்படிப் போகும்னு தெரியுமா?”

“தெரியாதுங்கக்கா. ‘எம்புள்ள பொறுக்கிக் குடுத்தது, மழையில போட்டாலும் அழியாது’ன்னு கீரைக்காரங்க ஒருத்தர் விடாம காட்டிட்டு இருப்பாங்க. ரிஃபத் அம்மணியத்தான் கேக்கோணும். புட்டி பையில கெடக்குதுங்க, தரட்டுங்களா?”

சேலை இடுக்கு வழியாக ஒரு கை புட்டியை நீட்டியது. ரிஃபத் பிடுங்காத குறையாக வாங்கினாள். கொட்டிய மை வழிந்து, ஒட்டியிருந்த தாள் முழுக்கக் கறுத்துக் காய்ந்திருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. படிக்க என்ன இருக்கிறது? அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

மாமி அம்மாவின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள ஊறின கறைன்னா விட்டுடலாம். மேல படிஞ்சதுன்னா எடுத்துத்தான் ஆகணும்.”

“எத வச்சு எடுப்பீங்க?”

குழாயடியில் கிடந்த, குதிகால் தேய்க்கிற கல்லை மாமி பார்த்ததை ரிஃபத் பார்த்துவிட்டாள்.

“கல்லா!” பெரியம்மா குரல் உடைந்தது. “எந்தங்கச்சி விரல்ல கல்லு போடுவியா? மையத்த நோவடிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நீதான சொல்லுவ?”

“எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு அல்லாஹ்கிட்டப் போய் நான்ல பதில் சொல்லணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேக்கச் சொல்லு, போ.”

பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ரிஃபத் குனிந்து அம்மாவின் கட்டைவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. மடக்கினால் மடங்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாகத் தன் நகத்தால் ஓரத்தில் ஒரு கீறு கீறினாள். பொடிபோல ஒரு துளிக் கறுப்பு அவள் நகத்தோடு வந்தது. வந்த இடத்தில் வெளுப்பு இல்லை, சாம்பல் நிறம். அது மையா, அம்மாவின் தோலே இப்போது அந்த நிறந்தானா, தெரியவில்லை. இன்னொரு கீறல் கீறக் கை வரவில்லை. விரலில் தண்ணீரைச் சொட்டினாள். ஓரிடத்தில் பரவியது. ஓரிடத்தில் முத்தாக உருண்டு விழுந்தது.

யா அல்லாஹ், நீலமா மாத்திரு. ஒரே ஒரு தடவை நீலமா மாத்திரு.

நடையிலிருந்து அத்தாவின் குரல் வந்தது. அவள் அப்பா நாகூர் மீரான், அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து உட்காரவேயில்லை. சுவரைப் பார்த்து நின்றபடிதான் பேசினார்.

“ரிஃபத்து… ஹஜ்ரத்தக் கேட்டேன். சாயம்னா ஒண்ணும் இல்லையாம். மேல ஒட்டியிருந்தா மெதுவா எடுத்துடணுமாம். என்ன மைன்னு தெரிஞ்சவங்க பாத்துச் சொன்னாப் போதுமாம். நீதான வாங்குன கண்ணு? உனக்குத் தெரியுமில்ல?”

வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

நைசா அரைச்ச கரிங்க. மேல படிஞ்சு புடிச்சுக்கும். கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவர் தாளைப் பற்றித்தானே சொன்னார்? தோலைப் பற்றிச் சொல்லவில்லையே? தோலில் ஊறியிருக்கலாம். காலையிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, ஊறியிருக்கும். ஊறாமலா இருக்கும்?

“ரிஃபத்து?”

“கறைதான் அத்தா,” என்றாள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. “ஊறினதுதான் மாமி. விட்டுடுங்க.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல,” என்று, உள்ளேயிருந்து திரும்பி வந்திருந்த பெரியம்மா பெருமூச்சு விட்டுக் கல்லைக் காலால் ஒதுக்கினாள். நடையில் அத்தாவின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போய் நின்றது. வெளியே ஆண்கள் மையத்தைச் சுமக்கும் சந்தூக்கை இறக்கி வைக்கும் ஓசை.

மாமி மிச்சச் சோப்பைக் கழுவிவிட்டு, கற்பூரம் கரைத்த கடைசித் தண்ணீரை மக்கில் மொண்டார். அம்மாவின் வலதுகையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மக்கைச் சாய்க்கப் போனவர் நிறுத்தினார்.

“ரிஃபத். இங்க என்னையப் பாரு.”

பார்த்தாள்.

“பாத்துத்தான் சொல்றயா கண்ணு? இல்ல, அம்மாவுக்கு வலிக்குமேன்னு சொல்றயா?”

சாய்த்த மக்கின் விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்றது.