அக்காவின் முழங்கால்

அது கல்லூரி விளையாட்டு அரங்கின் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. கிழிந்த வலைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவில் பன்னிரண்டு பெண்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோச் கதவை அடைத்து நாற்காலி போட்டிருந்ததால், அவர் எழுந்தால்தான் யாரும் வெளியே போக முடியும்.

மாலை நான்கு மணிக்கு அரையிறுதி. எதிரணி ஆடிய முந்தைய ஆட்டம் மடிக்கணினியில் ஓடியது. ஏழாம் எண் சட்டைக்காரி மூன்று பேரைக் கடந்து பந்தைக் கூடையில் போட்டதும் கோச் படத்தை நிறுத்தினார்.

"இவளை நிறுத்தினா பாதி ஆட்டம் நம்ம கையில. எப்படி நிறுத்தறது?"

பதினொரு தலைகளும் வண்டுவின் பக்கம் திரும்பின. குள்ளமாக இருந்துகொண்டு ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். திரையில் உறைந்து நின்றவள் அவளுடைய அக்கா. வேறு கல்லூரி, ஆனால் ஒரே வீடு, ஒரே அறை.

"சொல்லும்மா. தினம் பாக்கறவ நீதானே?"

வண்டுவுக்குத் தெரியும். அக்காவின் இடது முழங்கால் மூன்று வாரமாக வீங்கியிருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஐஸ் வைத்துக் கட்டிவிடுவதே இவள்தான். இடது பக்கம் சட்டென்று திரும்ப வைத்தால் அக்கா தடுமாறுவாள். இரண்டு தடவை தாங்குவாள், மூன்றாவது தடவை உட்கார்ந்துவிடுவாள்.

"அவ நல்லா ஆடுவா சார்."

"அதைச் சொல்ல நீ எதுக்கு?"

கேப்டன் எரிச்சலோடு திரும்பினாள். "பாசத்தையெல்லாம் வீட்ல வச்சுக்க, வண்டு. எனக்கு இதுதான் கடைசி வருஷம்."

வண்டு கதவைப் பார்த்தாள். கோச் அசையவில்லை.

"பாஸ் பண்றதுக்கு முன்னாடி உதட்டைக் கடிப்பா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அது உண்மைதான். ஆனால் உதட்டைக் கவனிப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாது சார்."

கோச் எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே எதிரணியின் இரண்டு பேர் வந்து வண்டுவை மூலைக்குத் தள்ளினார்கள். பின்னால் எல்லைக்கோடு, முன்னால் நான்கு கைகள். மூலையில் மாட்டினால் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்புவது அவள் பழக்கம். திரும்பிய பக்கம் மூன்றாமவள் தயாராக நின்று பந்தைப் பிடுங்கிப் போனாள். மறுபடியும் அதே மூலை, அதே பிடுங்கல். இந்தப் பழக்கம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அக்கா இவள் கண்ணைப் பார்க்கவே இல்லை.

கடைசி சில நொடிகள். வண்டுவின் அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. வண்டுவுக்கு எதிரே அக்கா மட்டும் நின்றாள். அக்காவின் இடது பக்கம் வழி திறந்து கிடந்தது. வண்டு அந்தப் பக்கம் ஓரடி வைத்தாள். அக்காவின் முகம் சுருங்கியது. வண்டு மறுபக்கம் மாறினாள். அக்கா பந்தைத் தட்டிவிட்டாள். அதோடு ஆட்டம் முடிந்தது.

கைகொடுக்கும் வரிசையில் அக்கா அவள் கையை விடாமல் ஓரமாக இழுத்துப் போனாள்.

"முட்டி விஷயத்தை உங்க கோச்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"நான் உன்னைப் பத்திச் சொல்லிட்டேன்டி. துருவித் துருவிக் கேட்டாங்க. நீயும் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா நீ விழுந்திருப்ப."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன்! இப்ப நான் ஜெயிச்சேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"நான் மட்டும் எந்த மூஞ்சியோட எங்க டீம் இருக்கற ரூமுக்குத் திரும்பிப் போவேன்?"

அக்காவை அவள் அணியினர் கூச்சலிட்டுக் கூப்பிட்டார்கள். போனாள், நொண்டலை மறைக்காமல்.

மறுநாள் அக்காவே தன் கோச்சிடம் முழங்காலைக் காட்டிவிட்டாள். இறுதி ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

கேப்டன் வண்டுவிடம் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு தடவை, ஷூ கயிற்றை அவிழ்த்தபடி கேட்டாள்.

"ஒரே வீடு. உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது" என்றாள் வண்டு. இனி யார் கேட்டாலும் அதையேதான் சொல்லியாக வேண்டும்.