அடுத்த அறையின் எண்ணிக்கை

1

யோகா என்று முதலில் சொன்னது அக்காதான் என்று எனக்கு நினைவு. அந்த நினைவை முழுதாக நம்ப வேண்டாம், நானே நம்பவில்லை. உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: மாடி ஏறினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்றில் யோகா. மற்றதில் பிலாட்டிஸ், அதாவது இடுப்பையும் வயிற்றையும் வலுவாக்கும் பயிற்சி. நடுவில் பலகைச் சுவர். இந்தக் கதை அந்தச் சுவர் வழியாகத்தான் எனக்குக் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: 'ஒரு மழைநாளில் அக்காவின் இடுப்பு...'

வேண்டாம். மழை நான் சேர்த்தது. அக்கா பஸ் ஓட்டுகிறவள். பணிமனையில் டீசல் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, அவ்வளவுதான். எட்டு வாரத்தில் அவளுக்குச் சோதனை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை அடிவரை மிதித்து, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். தவறினால் இனி அலுவலக மேசைதான். பதினேழு வருடம் ஸ்டியரிங் பிடித்தவளுக்கு அது

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக முடித்துப் பார்த்தேன். நாலும் மூக்கைச் சிந்தின.)

பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: "யோகாவோ பிலாட்டிஸோ, ஏதாவது ஒண்ணு. ஆனா விடாம செய்யுங்க."

3

திருத்தம். யோகா என்று சொன்னது நான். ஒரு பக்கம் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருக்கிறவன் நான். கண்மூடி உட்கார்ந்திருக்கும் அக்கா கதைக்கு அழகாக இருப்பாள் என்று பட்டது. அவள் இடுப்பைவிட என் பத்தியைத்தான் நினைத்திருக்கிறேன்.

"எதுடா நல்லது?"

"யோகாதான்க்கா. அமைதியா இருக்கும்."

"பஸ்ல அமைதியா இருந்தா எஞ்சின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

ஆனாலும் வந்தாள். துணைக்கு நான், கடைசிப் பாயில்.

4

இதை எழுதத்தான் இவ்வளவு நேரமாகக் கை பரபரத்தது!

மூன்றாம் நாள். எல்லோரும் மல்லாந்து படுத்து மூச்சைக் கவனிக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் பிலாட்டிஸ் டீச்சரின் குரல் கிளம்புகிறது. "காலைத் தூக்கு! ஒண்ணு... ரெண்டு... விடாதே! மூணு..."

அரைக்கண் திறந்தேன். அசையாமல் கிடந்த பன்னிரண்டு பேருக்கு நடுவே அக்காவின் வலது கால் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. நாலுக்கு நின்றது. எட்டுக்கு நடுங்கியது. இறங்கவில்லை!

(விழுந்த நாளிலிருந்து அந்தக் கால் ஒரு சாண் உயரம்கூட எழும்பியதில்லை. இதில் மிகை கிடையாது.)

யோகா மாஸ்டர் வந்து குனிந்தார்.

"அம்மா, உங்க காது அடுத்த ரூம்ல இருக்கு."

"காது மட்டுமா மாஸ்டர்? காலும் அங்கே போயிடுச்சு."

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. மாஸ்டரும்தான். "அப்போ மிச்சத்தையும் கூட்டிட்டுப் போங்க," என்றார். மறுநாளே அக்கா அடுத்த கதவுக்கு மாறினாள்.

5

முடிவு அ: சோதனையில் இருபத்தாறாவது எண்ணில் அவள் கால் நழுவுகிறது. இதைத்தான் முதலில் எழுதினேன். சோகம் என்றால் ஒரு கனம் வந்துவிடுகிறதே! தாள் அக்கா கையில் சிக்கியது.

"என்னை ஏன்டா ஃபெயிலாக்கின?"

"கதைக்கு அது பொருத்தமா இருக்கும்க்கா."

"மிதிச்சது என் கால். நீ வெளியே நின்னு நகம் கடிச்சிட்டிருந்த."

முடிவு ஆ: அவள் யோகாவிலேயே இருந்திருந்தாலும் கால் எழும்பியிருக்கும். மாஸ்டர் அப்படித்தான் சொல்கிறார். சரிபார்க்க என்னிடம் இன்னொரு அக்கா இல்லை. எந்தக் கதவு சிறந்தது என்பதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

6

சோதனை நாளில் பணிமனை மேலாளர் எண்ணத் தொடங்குமுன் அக்காவே எண்ண ஆரம்பித்துவிட்டாள், அந்த டீச்சரின் அதட்டலோடு. வெளியே எனக்குக் கேட்டது. "முப்பது! விடாதே! முப்பத்தொண்ணு..." மேலாளர் "போதும்மா, போதும்" என்று கெஞ்சும்போது முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

அக்கா இப்போது காலையின் முதல் பஸ்ஸை ஓட்டுகிறாள். பிலாட்டிஸ் டீச்சர் அதில்தான் வகுப்புக்கு வருகிறார். மாஸ்டர் அந்தப் பலகைச் சுவரை மாற்றவில்லை, எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் அதே கடைசிப் பாயில்தான் படுத்திருக்கிறேன்.