இயந்திரத்தின் நெற்றி

விசயதசமிக்கு முதல்நாள் மாலை, வேலை முடிந்து எல்லோரும் கைகழுவப் போன வேளையில், இத்தாலியின் பகேரியா ஊர் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற பொதிகட்டும் கொட்டகையில், குகனேஸ்வரி சந்தனச் சிமிழோடு புதிய இயந்திரத்தின் முன் நின்று அதன் நெற்றி எது என்று தேடினாள்.

அங்கே கனிகளைக் கையால் தரம் பிரிப்பவள் அவள். சுற்றிலும் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை ஒரே முதலாளி வாங்கி வேலி அடைத்ததும், விற்றவர்கள் பலெர்மோவின் மாடிவீடுகளில் போய் நெருங்கி ஒடுங்கியதும் அவள் வருமுன் நடந்தவை. ஒன்றாகிய தோட்டம் முன்னிலும் மிகுதியாகக் காய்த்தது. காய்ப்பைச் சமாளிக்கக் கைகள் வந்து குவிந்தன. கைகள் குவிந்தபின், கைகளே வேண்டாமல் கனிகளைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. ஒருகாலத்தில் தோளோடு தோள் உரச நின்ற மேசையில் இப்போது நால்வர் மட்டுமே. கணவனை இழந்த குகனேஸ்வரிக்கு இந்த வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெசோ என்னும் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படும். பெர்மெசோ இருந்தால்தான் அவளும் மகளும் இந்த நாட்டில் கால் ஊன்றலாம்.

பிழைப்பைத் தரும் கருவியை வணங்காமல் அந்நாளைக் கடக்கும் துணிவு அவளுக்கு இல்லை. கலப்பையிலும் கத்தியிலும் உறைகின்ற அன்னை, பகையாய் வந்த இரும்பில் மட்டும் உறையாமலா போவாள்?

“என்னக்கா, மெசினுக்குப் பொட்டோ?” நால்வரில் ஒருத்தியான மன்னார் அமலினி வாசலில் நின்று சிரித்தாள். “நாளைக்கு அதுக்குக் கலியாணமும் பேசுவியள் போல.”

“பகிடி விடாதை. எங்களைக் கைவிட்டிடாதை எண்டு கேக்கிறன், வேறையொண்டுமில்லை.”

உருக்கு உடலின் உச்சியில் வட்டக் கண்ணாடி ஒன்று மின்னியது. முகம் என்று சொல்ல வேறெதுவும் இல்லை. அதன் நடுவே சந்தனமும் குங்குமமும் இட்டு, கண்மூடிக் கைகூப்பினாள்.

அந்தக் கண்ணாடிதான் இயந்திரத்தின் கண்.

மறுநாள் காலை அது ஓடத் தொடங்கியபோது, பொன்னிறக் கனி ஒவ்வொன்றிலும் ஒரு சிவந்த மறுவைக் கண்டது. கண்டவற்றையெல்லாம் கழிவில் தள்ளியது. ஆட்கள் கவனிப்பதற்குள் ஒரு பாரவண்டிச் சரக்கு நசுங்கிப் பாழாயிற்று. மேலாளர் சால்வோ நால்வரையும் முற்றத்தில் நிறுத்தினார். செய்தவர் யாரென்று மாலைக்குள் தெரியாவிட்டால் நால்வருக்கும் வேலை இல்லை என்றார். பொட்டிட்டதை அறிந்த அமலினி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். தன் பக்தியை எடுத்துரைக்கும் அளவுக்கு இத்தாலியமொழி அறியாத குகனேஸ்வரி, மகள் ஆரணியைப் பள்ளியிலிருந்து வரவழைத்தாள்.

புத்தகப் பையோடு ரயிலில் வந்திறங்கிய ஆரணி நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள். “வேணுமெண்டு கெடுத்ததெண்டுதான் நினைக்கப்போறார், அம்மா. இப்பதான் வகுப்பிலை படிக்கிறம். இங்கிலாந்திலை முதன்முதல் ஆலையள் வந்த நேரம், கைவேலை போகுதெண்டு சனம் மெசினை உடைச்சது.”

“உடைச்ச ஆக்களை என்ன செய்தவை?”

“சில பேரைத் தூக்கிலை போட்டவை.”

“நான் உடைக்கேல்லைப் பிள்ளை. கும்பிட்டனான்.”

“அதை எப்பிடி அவருக்கு விளங்கப்படுத்துறது எண்டுதானே தெரியேல்லை!”

ஆயினும் சொன்னாள். சால்வோ நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, ஏதோ வினவினார்.

“உங்கடை இடத்தைத் திண்ண வந்ததையே கும்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறார்.”

“சோறு தாறதைத்தான் கும்பிடுவம் எண்டு சொல்லு.”

 நம்புகிறேன் என்று சால்வோ தலையசைத்தார்.  பிறகு கொட்டகைக் கதவை அகலத் திறந்து காட்டினார். கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது. கனிகள் மூன்று ஓடைகளாகப் பிரிந்து பெட்டிகளை நிறைத்தன. மேசையருகே ஒருவரும் இல்லை.

“பிழை ஆருடையதெண்டது இனித் தேவையில்லையாம்.” ஆரணி மொழிபெயர்த்தாள். “நீங்கள் வெளியிலை நிண்ட நேரம் அது தனியவே எல்லாத்தையும் முடிச்சிட்டுதாம். நாலு பேருமே வேண்டாமாம்.”

“நல்லாத்தான் கேட்டுது அக்கா, உங்கடை அம்மாளுக்கு,” என்று அமலினி கதறினாள்.

குகனேஸ்வரி மகளின் கையைப் பற்றினாள். “அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஆள் வேணுமெல்லே? நான் துடைக்கிறன் எண்டு சொல்லு. ஒப்பந்தம் மட்டும் தந்தாக் காணும்.”

“மாட்டன். கெஞ்சிறதை என்ரை வாயாலை சொல்ல வைக்காதேங்கோ அம்மா.”

அவள் மகளை விட்டுவிட்டுத் தானே முன்னால் போனாள். “சிஞ்ஞோர்… இயோ… இயோ புலிரே,” என்று அரைகுறை இத்தாலியத்தில் சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டாள். உயரே இருந்த கண்ணாடியைக் காட்டி, சட்டைக் கையால் காற்றைத் துடைத்துக் காட்டினாள்.

சால்வோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். அன்று நண்பகலில்தான் பொருத்திய சிறு குழாய் ஒன்று கண்ணாடிமேல் சீறிக் காற்றை ஊதி, ஓய்ந்தது.

கனிகள் ஓடிக்கொண்டிருந்தன. தூக்கிய கையை இறக்க மறந்து அவள் நின்றாள். ஆரணிதான் வந்து அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.